மகாநாட்டு வியாபாரம்

சுவாமிமலைக்கு வருவோர், பிரபவ முதலாக அட்சய ஈறாகத் தமிழ் வருஷங்களின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறியே சுவாமிநாதனைத் தரிசிக்கின்றனர். இத்தலத்தின் வரலாறு நமது நேயர்கள் யாவரும் அறிந்ததே. பிரணவத்தின் பொருள் யாதென்று முருகன் பிரமனை வினவினான். படைப்புத் தொழிலை நடத்தும் பெரும்பதவியில் வீற்றிருந்த பிரமன் விடை கூற மாட்டாமற் சிறைப்பட்டான். பின்னர்த் தந்தையாகிய சிவபெருமானே கைகட்டி வாய் புதைத்துத் தன் மைந்தனிடம் அப்பொருளைக் கேட்டறிந்தான். பதவி எவ்வளவு பெரிது, பட்டம் எத்தனை என்பவை அங்கே கேட்கப்படவில்லை. "பொருள் தெரியுமா?" என்ற ஒரு கேள்வியே கேட்கப்பட்டது. இன்று நமது கல்விச் சாலைகளில் எந்தக் கேள்வியும் கேட்கப்படுகிறது. இந்த ஒரு கேள்விதான் கேட்கப்படுவதில்லை.

சென்ற மாதம் இவ்வூரிலுள்ள நமது நண்பர் ஒருவரது இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய புதல்வர் தமிழிலக்கணத்தில் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவர். கௌரவ விரிவுரையாளர் என்னும் பெயரோடு, நிரந்தரமில்லாத சம்பளத்தில் காலங்கழித்து வருபவர். தமக்கு வந்த ஓர் அழைப்பை அவர் நம்மிடம் காட்டினார். எந்திரவியல், வாணிபம், வேளாண்மை, மருத்துவம், மொழியியல் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் ஆராய்ந்து முடிக்கப்போகும் "சர்வதேச மகாநாடு" ஒன்றில் வியாசம் படிக்க வருமாறு அதில் கேட்டிருந்தது. வியாசத்தை அனுப்பிய மறுநாட் காலையிலேயே, "நிபுணர் குழுவினால் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்ற மறுமொழியும் வந்துவிட்டது. கூடவே பணம் செலுத்த வேண்டிய கணக்கின் எண்ணும் வந்தது. நேரில் வரத் தேவையில்லை, பணம் வந்தால் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும் என்பது அடிக்குறிப்பு.

"தம்பி, இது மோசடியென்று உமக்குத் தெரியவில்லையா?" என்றோம். அவர் சிறிதும் தயங்காமல், "நன்றாகத் தெரிகிறது, ஐயா. நான் பணங் கட்டாவிட்டால், கட்டியவர் என் இடத்துக்கு வந்துவிடுவார். நேர்காணலில் என் வியாசத்தை வாசிப்பவர் எவருமில்லை, சான்றிதழ்களை எண்ணுபவர்தாம் இருக்கிறார்கள்" என்றார். அவருடைய தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். சட்டம் படித்த நமக்கும் அக்கணத்தில் மறுமொழி கிடைக்கவில்லை. இவ்வியாசம் அந்த வாலிபருக்கு நாம் கடன்பட்ட மறுமொழியாகும்.

முதலில், மகாநாடு என்பதே தீதென்று நாம் கூறவில்லை என்பதைத் தெளிவாக்கிவிடுகிறோம். ஒரு துறையில் உழைப்பவர் ஓரிடத்திற் கூடி, ஒருவர் கண்டதை மற்றவர் மறுத்தும் திருத்தியும் அறிவை வளர்ப்பது மேன்மையான வழக்கம். 1964-ம் வருஷத்தில் தனிநாயக அடிகள் முதலியோர் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை நிறுவி, 1966-ல் கோலாலம்பூரில் முதல் மகாநாட்டைக் கூட்டியபோது, பல நாட்டு அறிஞர்கள் தமிழை முன்னிட்டு ஒரே கூடத்தில் அமர்ந்தனர். அதனால் தமிழுக்கு விளைந்த நன்மையை எவரும் மறுக்கமுடியாது. நாம் கண்டிப்பது, கேட்போர் இல்லாத கூடத்தையும், வாசிப்போர் இல்லாத பத்திரிகையையும், பணத்தைத் தவிர வேறொன்றையும் பரிசீலிக்காத "பரிசீலனைக் குழு"வையுமேயாம்.

இவ்வியாபாரத்தில் நமது தேசம் அடைந்திருக்கும் கீர்த்தி நாணத்தக்கது. ஹைதராபாத்தில் 2007-ம் வருஷத்தில் தோன்றிய ஓமிக்ஸ் என்னும் ஸ்தாபனம் நூற்றுக்கணக்கான பத்திரிகைகளையும், பல தேசங்களில் மகாநாடுகளையும் நடத்திற்று. 2016 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்காரின் பெடரல் வர்த்தகக் கமிஷன் அதன்மீது வழக்குத் தொடர்ந்தது. குற்றச்சாட்டுக்கள் யாவை? பரிசீலனை செய்வதாகச் சொல்லிச் செய்யாமை. வியாசத்தை ஏற்ற பிறகே கட்டணத்தைத் தெரிவித்தல். திரும்பப் பெற விரும்பினாலும் விடாமை. சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களைப் பத்திரிகைக் குழுவிலும் மகாநாட்டு விளம்பரத்திலும் சேர்த்துக்கொள்ளல். 2019 மார்ச்சில் நெவாடா மாகாணத்துப் பெடரல் கோர்ட், ஐந்து கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. 2020-ல் மேல்கோர்ட்டும் அதனை உறுதி செய்தது. நமது மண்ணில் முளைத்த ஒரு ஸ்தாபனத்தின் தவற்றை விசாரிக்கக் கடல் கடந்த ஒரு கோர்ட் வேண்டியிருந்தது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

இத்தகைய மகாநாடுகளின் பரிசீலனை எத்தன்மையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நியூஸிலாந்தில் கிறிஸ்டோப் பார்ட்னெக் என்னும் கணினித்துறை ஆசிரியருக்கு 2016-ல் அணுப் பௌதிக மகாநாடொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு அத்துறையில் பயிற்சி இல்லை. ஆகவே கைப்பேசியில் "அணு" என்ற சொல்லைத் தட்டிவிட்டு, அடுத்த சொற்களைக் கருவியே எடுத்துக் கொடுக்க, பொருளற்ற ஒரு சுருக்கத்தை அனுப்பினார். மூன்று மணி நேரத்துக்குள் அது ஏற்கப்பட்டது! அதற்கு முன்பே, 2005-ல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர் மூவர், கணினி தானே கோத்த உளறலை ஒரு மகாநாட்டுக்கு அனுப்பி ஏற்கச் செய்தனர். 2013-ல் சயன்ஸ் பத்திரிகையைச் சார்ந்த ஜான் பொஹானன், வேண்டுமென்றே பிழை மலிந்த மருந்தாராய்ச்சி வியாசமொன்றை 304 பத்திரிகைகளுக்கு அனுப்பினார். 157 பத்திரிகைகள் ஏற்றன, 98 மட்டுமே மறுத்தன. ஏற்றவற்றில் இந்தியாவை இருப்பிடமாகக் கொண்டவையே மிகுதி.

இனி, விற்பவனை மட்டும் வைதுகொண்டிருத்தல் அறிவுடைமையாகாது. வாங்குவோர் உள்ளவரை கடை மூடப்படாது. வாங்குவோரை உண்டாக்கியது எது? நமது சட்டதிட்டமே என்று சொல்ல வருந்துகிறோம். 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் உழைப்பைப் புள்ளிகளால் அளக்கும் முறையைப் புகுத்திற்று. 2016-ம் வருஷத்து விதி, பி.எச்.டி. பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு வியாசத்தைப் பத்திரிகையில் வெளியிடவேண்டும், இரண்டு மகாநாடுகளிற் படிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. 2022-ல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் கடைவீதி நிலைபெற்றுவிட்டது. 2018-ம் வருஷத்து விதியின் அட்டவணையை எடுத்துப் பார்ப்போம். வெளிநாட்டில் நடைபெறும் சர்வதேச மகாநாட்டிற் பேசினால் 7 புள்ளி. உள்நாட்டில் நடைபெறும் சர்வதேச மகாநாட்டுக்கு 5. தேசிய மகாநாட்டுக்கு 3. மாநில அல்லது பல்கலைக்கழக அளவினதாயின் 2. நமது ஜில்லாவிலுள்ள சிறு காலேஜின் கூடம்கூட ஏன் "சர்வதேச" மகாநாட்டு மண்டபமாகிவிடுகிறது என்பதன் இரகசியம் இப்பொழுது விளங்கும். அயல்நாட்டிலிருந்து ஒருவர் காணொளியில் தோன்றிப் பத்து நிமிஷம் வாழ்த்துக் கூறிவிட்டால், இரண்டு மூன்று புள்ளிகள் அனைவருக்கும் கூடிவிடுகின்றன.

கும்பகோணத்துக் காலேஜின் பெருமையைப் பேசாதார் இப்பிரதேசத்தில் இல்லை. 1880-ம் வருஷத்தில் உ. வே. சாமிநாதையர் அங்கே தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வருஷத்திலேயே சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியை எடுத்தார். ஊரூராய் ஏடு தேடியும், ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கியும், ஜைன நண்பர்களிடம் ஐயந் தீர்த்துக்கொண்டும் உழைத்து, 1887-ல் அதனை அச்சேற்றினார். ஏழு வருஷம்! மேற்படி அட்டவணையின்படி, இந்நாட்டுப் பிரசுராலயத்தின் வாயிலாக ஒரு நூலைப் பதிப்பித்த பதிப்பாசிரியருக்கு 8 புள்ளி. உள்நாட்டுச் சர்வதேச மகாநாடுகள் இரண்டில் தலைகாட்டியவருக்கு 10 புள்ளி. மகாநாட்டுப் புள்ளிகள் மொத்தத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்படலாகாதென்று விதி ஒரு வரம்பு கட்டியிருப்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் சிந்தாமணியை மீட்ட ஏழு வருஷத்தின் உழைப்பு, இரண்டு நாட்பொழுதின் சான்றிதழ்களுக்குக் குறைந்ததென்று கூறும் தராசு எவ்வகையிற் செம்மையான தராசாகும்?

அதே காலேஜில் 1904-ல் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன், கணிதமல்லாத பாடங்களிற் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். எந்தப் பரீட்சையிலும் தேறிப் பட்டம் பெற்றாரில்லை. 1911-ல் இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகைக்குத் தம் முதல் வியாசத்தை அனுப்பினார். அதன் பத்திராதிபரான நாராயண ஐயங்கார் அந்த இளைஞரின் மேதையை உணர்ந்தும், தெளிவு போதாதென்று ஒரு முறைக்கு மேல் வியாசத்தைத் திருப்பியனுப்பித் திருத்தச் செய்த பின்னரே அச்சிட்டார். ராமாநுஜனுக்கே திருப்பியனுப்பப்பட்ட வியாசம் உண்டு. இன்றைய கூலிப் பத்திரிகைகளிலோ எவருக்கும் எதுவும் திருப்பியனுப்பப்படுவதில்லை. நாமும் ஒரு பத்திரிகையை நடத்துகிறோம். வருவதில் ஒரு பகுதியை மறுப்பதே பத்திராதிபன் தன் நேயர்களுக்குச் செய்யும் முதல் ஊழியம். வந்ததையெல்லாம் பணம் பெற்று அச்சிடுபவன் பத்திராதிபனல்லன், அச்சுக்கூடத்துக்காரனே. அத்தொழிலும் நேர்மையான தொழில்தான். ஆனால் அவன் தன்னை அறிஞர் சபையென்று சொல்லிக்கொள்ளும்போதுதான் பொய் புகுகிறது.

"அளவு வேண்டாமென்றால் சோம்பேறிகள் பெருகுவர், வேண்டியவருக்கே பதவி போகும், புள்ளிகளாவது சாதி பாராது, சிபாரிசு பாராது" என்று ஒரு சாரார் கூறுகின்றனர். இவ்வாட்சேபத்தை நாம் அற்பமென்று தள்ளவில்லை. வேலை கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடும் ஆசிரியர்களையும், அமைச்சர் வீட்டு வாயிலிற் காத்திருந்து பதவி பெற்றவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவ்வநீதியைத் தடுக்கவே எண்ணும் முறை வந்தது என்பதும் உண்மை. ஆனால் பலன் யாது? முன்பு சிபாரிசு பெற்றவன் வென்றான். இப்பொழுது பணம் கட்டியவன் வெல்கிறான். நிரந்தர உத்தியோகத்திலுள்ளவர் கட்டணத்தைத் தம் சம்பளத்திலிருந்து எளிதிற் செலுத்துகிறார். கௌரவ விரிவுரையாளரோ மனைவியின் நகையை அடகு வைத்துச் செலுத்துகிறார். ஏழையைக் காக்க வந்த விதி ஏழையின் மடியிலேயே கை வைக்கிறது.

கேடு ஆசிரியர்களோடு நின்றுவிடுவதுமன்று. ஷென், பியோர்க் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2015-ல் வெளியிட்ட கணக்கின்படி, இவ்வகைப் பத்திரிகைகளில் வெளியான வியாசங்கள் 2010-ல் சுமார் 53,000; 2014-ல் சுமார் 4,20,000. எழுதியவர்களில் முக்காற்பங்கினர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். பிறர் வியாசத்தைத் திருடிக் கணினியால் சொல் மாற்றி விற்கும் தொழிற்சாலைகளும் தோன்றிவிட்டன. மார்பகப் புற்றுநோய் என்பதை "மார்பு ஆபத்து" என்றும், செயற்கை நுண்ணறிவு என்பதைப் "போலிப் பிரக்ஞை" என்றும் பொருள்படும் விபரீதச் சொற்கள் ஆங்கில வியாசங்களில் மலிந்திருப்பதை 2021-ல் கிய்யோம் கபனாக் முதலியோர் கண்டறிந்தனர். 2022-ன் தொடக்கத்தில் ஐ.ஓ.பி. என்னும் பௌதிகப் பிரசுராலயம், இரண்டு மகாநாடுகளின் தொகுதிகளிலிருந்து மட்டும் 350 வியாசங்களை ஒரே முறையில் வாபஸ் பெற்றது. 2023-ல் உலகமெங்கும் வாபஸ் பெறப்பட்டவை பதினாயிரத்துக்கு மேற்பட்டன. மருந்தைப் பற்றிய பொய் வியாசம் ஒரு வைத்தியரின் கையில் அகப்பட்டால், அதற்கு விலை கொடுப்பவர் நோயாளி.

மானியக் குழு பட்டியல் போட்டு இதனைத் தடுக்கப் பார்த்தது. 2017-ல் வெளியிட்ட பட்டியலில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பத்திரிகைகள் இடம்பெற்றன. புனே நகரத்து பூஷண் பட்வர்தனும் அவருடைய சகாக்களும், பல்கலைக்கழகங்கள் சிபாரிசு செய்து அப்பட்டியலிற் புகுத்தியவற்றில் 1,009-ஐ ஆராய்ந்து, நூற்றுக்கு 88-க்கு மேற்பட்டவை தரங்குறைந்தவையாய் இருக்கலாமென்று 2018-ல் எழுதினர். அவ்வருஷம் மே மாதத்தில் 4,305 பத்திரிகைகள் நீக்கப்பட்டன. 2019-ல் "கேர்" என்னும் புதுப் பட்டியல் பிறந்தது. 2025-ன் தொடக்கத்தில் அதுவும் கைவிடப்பட்டு, தரத்தை நிச்சயிக்கும் பொறுப்பு அந்தந்தக் கல்வி ஸ்தாபனத்துக்கே விடப்பட்டது. பட்டியல் பிறக்கும்போதே போலிப் பெயரும், போலி வலைத்தளமும் உடன்பிறக்கின்றன. தேர்வாளர் வியாசத்தை வாசிக்க மறுக்கும்வரையில், எந்தப் பட்டியலும் அவருக்காக வாசித்துவிடப் போவதில்லை.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலாவது, எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கட்டவேண்டும். பதவிக்கோ உயர்வுக்கோ விண்ணப்பிப்பவர் தம் வாழ்நாளிற் சிறந்தவையென்று தாமே கருதும் மூன்று வியாசங்களையோ ஒரு நூலையோ மட்டும் சமர்ப்பிக்கட்டும்; தேர்வுக் குழுவினர் அவற்றை வாசித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் பத்து வரியில் அபிப்பிராயம் எழுதிக் கையொப்பமிடட்டும்; அவ்வபிப்பிராயம் கேட்போருக்குக் காட்டப்படட்டும். கையொப்பமிட்டு வெளியிடவேண்டிய இடத்தில் சிபாரிசும் கூசும், சோம்பலும் கூசும். இரண்டாவது, மகாநாட்டுச் சான்றிதழ்களுக்குப் புள்ளியே கூடாது. அறிவு பெறச் செல்பவன் புள்ளியில்லாமலும் செல்வான். மூன்றாவது, பாடஞ் சொல்லிக் கொடுப்பதே தலையாய கடமையாக உடைய காலேஜ் ஆசிரியரிடம் நல்ல பாடத்தைக் கேட்கவேண்டும். வாரம் முழுவதும் வகுப்பெடுப்பவரை வருஷத்துக்கு இத்தனை வியாசம் என்று நெருக்குதல், நெல் விளையும் நிலத்தில் முத்துக் குளிக்கச் சொல்வது போலாகும்.

நான்காவது, சட்டத்தைச் சார்ந்தது. புதிய சட்டம் வேண்டியதில்லை; இருக்கும் சட்டமே போதும். சம்மதிக்காத அறிஞரின் பெயரைப் போட்டு, நடக்காத பரிசீலனையை நடந்ததாகச் சொல்லிப் பணம் பறிப்பது வஞ்சனையே. முன்னர் அதற்கு 420 என்று பெயர். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ம் பிரிவு. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, மயக்கும் விளம்பரங்களைத் தடுத்துப் பத்து லட்ச ரூபாய் வரையிலும், மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அமெரிக்கக் கமிஷன் செய்ததை நமது ஆணையம் செய்யலாகாதா? ஏமாந்த ஆசிரியர்கள் பத்துப் பேர் ஒன்றுசேர்ந்து விண்ணப்பம் எழுதினால், வழக்கறிஞர்களில் முன்வருவோர் உண்டு. நாமும் அவ்வரிசையில் நிற்கச் சித்தமாயிருக்கிறோம்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களூர்க் காலேஜில் மகாநாடென்று மாலை மரியாதையோடு அழைத்தால், மேடையேறுமுன், "வியாசங்களை வாசித்தவர் யார்? எத்தனை மறுக்கப்பட்டன?" என்று கேளுங்கள். ஒன்றும் மறுக்கப்படவில்லை என்றால், மாலையை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

இவ்வூர் ஸ்தபதிகளின் பட்டறைக்குச் சென்றவர்கள் அறிவார்கள். தென்னையோலையை மடித்துத் தாளம் அளந்து, மெழுகில் உருவை அமைத்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றிப் பின்னரே உலோகத்தை வார்க்கின்றனர். மண்கூட்டை உடைக்கும்வரை உள்ளே இருப்பது உருவமா ஊனமா என்பது எவருக்கும் தெரியாது. ஊனமென்றால் மீண்டும் உருக்கி முதலிலிருந்து தொடங்குவரேயன்றி, சான்றிதழ் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பார். அந்தக் கண்டிப்பினாலேயே சுவாமிமலை விக்கிரகத்துக்கு உலகில் மதிப்பு.

நமது நண்பரின் புதல்வர் இன்னும் பணம் கட்டவில்லை. அடுத்த மாதம் ஒரு நேர்காணலுக்குச் செல்கிறார். கையில் ஒரே ஒரு வியாசம் இருக்கிறது. நான்கு வருஷம் உழைத்து எழுதியது. அதை வாசிக்கக்கூடிய ஒருவராவது அம்மேஜையின் எதிரில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே அவர் கேட்கும் சலுகை. அச்சலுகையைக்கூட இத்தமிழ்நாடு அவருக்கு மறுக்குமாயின், நாளைக்கு அவர் பணத்தைக் கட்டும்போது அவரைக் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை.